ஓடி அசிஸ்டென்ட், ஓடி எய்டு: அமெரிக்காவின் இரண்டு மருத்துவத் துறை வேலைகள், ஓர் எளிய அறிமுகம்

பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்த ஒருவர், அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் மறுவாழ்வுப் பிரிவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயிருக்கு இருந்த ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் சட்டை போட முடியவில்லை, பல் துலக்க முடியவில்லை, கழிப்பறையில் தனியாக உட்கார்ந்து எழ முடியவில்லை. இந்த அன்றாட வேலைகளை அவரே மறுபடி செய்யும்படி பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. சுருக்கமாக ஓடி. காலுக்கு வலு வர வேண்டும், நடை சீராக வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் பிசியோதெரபியின் கவலை. கிடைத்த வலுவை வைத்துக்கொண்டு குளிப்பது எப்படி, சமைப்பது எப்படி, வேலைக்குத் திரும்புவது எப்படி என்பது ஓடியின் கவலை.

அந்த நோயாளியின் அறைக்கு நாள் முழுக்கப் பலர் வந்துபோகிறார்கள். ஓடி பிரிவிலிருந்து மட்டுமே மூன்று விதமான ஆட்கள் வரலாம்: தெரபிஸ்ட், அசிஸ்டென்ட், எய்டு. பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. சீருடையும் பேச்சும் ஒரே மாதிரிதான் இருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழில் கையேடுகூட அசிஸ்டென்ட்டையும் எய்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத்தான் விவரிக்கிறது. அதைப் படித்துவிட்டு இரண்டும் ஒரே வேலையின் இரண்டு படிகள், எய்டாகச் சேர்ந்து சில வருடம் வேலை செய்தால் அசிஸ்டென்ட் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், உரிய படிப்பு இல்லாமல் எய்டு அசிஸ்டென்ட் ஆக முடியாது.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டியிருந்தால், அதை மாற்றும் உரிமை யாருக்கு? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் படிப்பு, உரிமம், சம்பளம், காப்பீட்டுப் பணம் எல்லாம் ஏன் அப்படி அப்படி இருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

சட்டை போடும் பாடம்

முதலில் தெரபிஸ்ட் வருகிறார். நோயாளியின் கை எவ்வளவு அசைகிறது, பார்வையில் ஒரு பக்கம் விடுபடுகிறதா, சொன்னது நினைவில் நிற்கிறதா, வீட்டில் எத்தனை படிக்கட்டு, குளியலறை எப்படி என்று மதிப்பீடு செய்கிறார். அதை வைத்து இலக்குகளை எழுதுகிறார். ‘இரண்டு வாரத்தில், உட்கார்ந்த நிலையில், சொல்லிக்கொடுக்க மட்டும் ஆள் இருந்தால் மேல்சட்டையைத் தானே அணிவார்’ என்பது போல. இந்த மதிப்பீட்டுக்கும் திட்டத்துக்கும் பொறுப்பு தெரபிஸ்ட்டுடையது. அசிஸ்டென்ட் அதற்குத் தகவல் திரட்டித் தரலாம். திட்டத்தைத் தானே போட முடியாது.

அடுத்த நாளிலிருந்து பெரும்பாலும் அசிஸ்டென்ட்தான் வருகிறார். சட்டை போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. செயலிழந்த கையை முதலில் சட்டைக்கையில் நுழைத்துத் தோள்வரை இழுத்துவிட வேண்டும். பிறகு முதுகுப் பக்கம் சட்டையைக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர் எதிர்: நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். சொல்லும்போது ஒரு நிமிடம். செய்துபார்க்கும்போது நோயாளிக்கு அரை மணி நேரம் ஆகலாம், அழுகை வரலாம், ‘என் மனைவி போட்டுவிடுவாள், விடுங்கள்’ என்று எரிச்சல் வரலாம்.

அசிஸ்டென்ட்டின் திறமை தெரிவது இந்த அரை மணி நேரத்தில்தான். நோயாளி ஒரு பக்கமாகச் சாய்வதைக் கவனித்து நாற்காலியை மாற்றலாம். பொத்தான் வைத்த சட்டை இன்று கஷ்டம் என்று பார்த்தால் தளர்வான, முன்பக்கம் திறக்கும் சட்டைக்கு இறங்கலாம். நேற்று கையைப் பிடித்துக் காட்டியதை இன்று வாயால் மட்டும் சொல்லிப் பார்க்கலாம். அதுவும் சரியாக வந்தால், பொத்தானை இழுத்து மாட்டும் கொக்கி ஒன்றைக் கொடுத்து ஒற்றைக் கையால் முயலச் சொல்லலாம். ஒரு வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, ஆளுக்கும் நாளுக்கும் ஏற்றபடி கடினத்தை ஏற்றி இறக்குவது இந்தத் தொழிலின் உயிர்நாடி. தெரபிஸ்ட் போட்ட திட்டத்தின் எல்லைக்குள் இந்த முடிவுகளை எடுக்க அசிஸ்டென்ட்டுக்கு உரிமை உண்டு. இலக்கையே மாற்ற வேண்டும் என்று தோன்றினால் மட்டும் தெரபிஸ்ட்டிடம் போக வேண்டும்.

எய்டு எங்கே வருகிறார்? நோயாளி வருவதற்கு முன்பே சிகிச்சை அறையைத் தயார் செய்து, தேவையான கருவிகளை எடுத்து வைத்திருப்பவர் அவர். வார்டிலிருந்து நோயாளியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வருகிறார். ஒருவர் முடித்ததும் மேசையையும் கருவிகளையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார். துணிகள் தீர்ந்துவிட்டனவா, அடுத்த நோயாளி எத்தனை மணிக்கு, காப்பீட்டுப் படிவம் நிரப்பியாயிற்றா என்பதெல்லாம் அவர் தலையில். தெரபிஸ்ட்டோ அசிஸ்டென்ட்டோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, விளைவு இன்னதுதான் என்று முன்பே தெரிந்த சில எளிய வேலைகளில் நோயாளிக்குத் துணை நிற்கலாம். ஆனால் நோயாளி சாய்கிறார் என்றால் பயிற்சியை எப்படி மாற்றுவது என்று முடிவெடுப்பது அவர் வேலை அல்ல. கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நல்ல எய்டு இல்லாத பிரிவில் ஒரு வாரம் வேலை செய்தால் அவர் அருமை தெரியும், அது வேறு விஷயம்.

படிப்பும் உரிமமும்

எய்டாகச் சேர உயர்நிலைப் பள்ளிப் படிப்பு போதும். மீதியை வேலையிடத்திலேயே கற்றுக்கொடுப்பார்கள். இதயம் நின்றால் செய்ய வேண்டிய சிபிஆர் முதலுதவிச் சான்றிதழைப் பல இடங்களில் கேட்பார்கள். பெரும்பாலும் தனி உரிமம் எதுவும் தேவையில்லை.

அசிஸ்டென்ட்டுக்கு அப்படி அல்ல. ஏகோட் என்று அழைக்கப்படும் அங்கீகார அமைப்பின் ஒப்புதல் பெற்ற கல்லூரியில் அசோசியேட் பட்டம் படிக்க வேண்டும். பெயரளவில் இரண்டு வருடம். பெயரளவில் என்று சொல்வதற்குக் காரணம், பல சமுதாயக் கல்லூரிகளில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல் போன்ற பாடங்களை முதலில் முடித்த பிறகுதான் முக்கியப் படிப்பில் இடமே கிடைக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு மூன்று வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இப்போது சில கல்லூரிகள் இதையே இளங்கலைப் பட்டமாகவும் நடத்துகின்றன.

பாடத்தின் கடைசிக் கட்டம் களப்பயிற்சி. குறைந்தது 16 வாரம் முழுநேரமாக, பொதுவாக இரண்டு இடங்களில் எட்டெட்டு வாரமாக, நிஜ நோயாளிகளோடு வேலை செய்ய வேண்டும். தெரபிஸ்ட் படிப்புக்கு இது 24 வாரம். இந்த 16 வாரங்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. முழுநேரம் என்பதால் பகலில் வேறு வேலைக்கும் போக முடியாது. கல்லூரிக் கட்டணத்தை விசாரிப்பவர்கள் இந்த நான்கு மாத வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கேதான் பலர் திணறுகிறார்கள்.

பட்டம் வாங்கிய பிறகு என்பிசிஓடி என்ற தேசியச் சான்றளிப்பு வாரியத்தின் தேர்வு. மதிப்பெண் அளவுகோல் 300 முதல் 600 வரை. தேற 450 வேண்டும். தேறினால் பெயருக்குப் பின்னால் கோட்டா என்று போட்டுக்கொள்ளலாம். ‘சான்று பெற்ற ஓடி அசிஸ்டென்ட்’ என்பதன் சுருக்கம் அது. அப்புறம் மாநில உரிமம் தனி. 50 மாநிலங்களும் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள். அசிஸ்டென்ட்டைத் தெரபிஸ்ட் எவ்வளவு நெருக்கமாக மேற்பார்வையிட வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பதுகூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒரு மாநில உரிமத்தை வைத்து வேறு மாநிலங்களிலும் வேலை செய்ய வழிசெய்யும் ஒப்பந்தம் ஒன்றில் பல மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. அசிஸ்டென்ட்டுகளும் அதில் அடக்கம். தேசியச் சான்றைத் தொடர்ந்து வைத்திருக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை 36 புள்ளிகள் அளவுக்குத் தொழில்சார்ந்த கற்றலைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இப்படி ஓர் இடைநிலைத் தொழில் ஏன் உருவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓடி ஒரு துறையாக அமைப்பு வடிவம் பெற்றது 1917இல், நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்ட்டன், மனநல மருத்துவர் வில்லியம் டன்டன், மனநோயாளிகளுக்கு அன்றாடப் பழக்கங்களை மீட்டுத்தரும் பயிற்சியால் பின்னாளில் புகழ்பெற்ற எலினார் கிளார்க் ஸ்லேகிள் ஆகியோர் அதன் நிறுவனர்களில் சிலர். இரண்டு உலகப் போர்களும் முடிந்தபோது தேவை பெருகிவிட்டது, தெரபிஸ்ட்டுகள் போதவில்லை. மனநல மருத்துவமனைகளில் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. 1950களின் இறுதியில் அசிஸ்டென்ட்டுகளுக்கான முறையான பயிற்சி அங்கிருந்துதான் தொடங்கியது. ஆக, இந்தத் தொழில் பிறந்ததே ஆள் பற்றாக்குறையில்தான்.

எங்கெல்லாம் வேலை

முதியோர் மருத்துவக் காப்பகங்கள், மருத்துவமனைகள், தெரபி நிறுவனங்கள், பள்ளிகள், வீடு தேடிச்செல்லும் சேவை என்று பல இடங்கள். ஒரே உரிமம், ஆனால் வேலையின் தன்மை இடத்துக்கு இடம் மாறும்.

முதியோர் காப்பகத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் அதிகம். அறுவை செய்த முறையைப் பொறுத்து, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது என்று மருத்துவர் கட்டுப்பாடு சொல்லியிருப்பார். குனியாமல் காலுறை போடுவது எப்படி? அதற்கென்று வளைந்த பிளாஸ்டிக் தகடும் இரண்டு நீளக் கயிறும் கொண்ட ஒரு கருவி இருக்கிறது. தகட்டில் காலுறையை மாட்டி, தரையில் போட்டு, காலை நுழைத்து, கயிற்றை இழுத்தால் காலுறை ஏறிவிடும். விலை குறைந்த ஒரு சின்னப் பொருள்தான். ஆனால் அது கையில் பழகிவிட்டால் ஒருவர் மகளைத் தினமும் காலையில் வரச்சொல்ல வேண்டியதில்லை. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கோ பாடம் வேறு. மூச்சு வாங்காமல் குளிக்க வேண்டும் என்றால் உட்கார்ந்து குளிக்க வேண்டும், பொருட்களை முன்பே கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும், களைப்பு வந்த பிறகு அல்ல, வருமுன் ஓய்வெடுக்க வேண்டும்.

பள்ளியில் முற்றிலும் வேறு உலகம். மாற்றுத்திறனுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளியில் இடம் தர வேண்டும் என்று 1975இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், கல்விக்குத் துணையான சேவைகளில் ஓடியையும் சேர்த்தது. அதனால் பென்சிலைப் பிடிக்க வராத குழந்தை, கத்தரிக்கோலைத் திறந்து மூடத் தெரியாத குழந்தை, வகுப்பறைச் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடும் குழந்தை எல்லாரும் அசிஸ்டென்ட்டின் நாளில் வருகிறார்கள். விளையாட்டாகத்தான் எல்லாம் நடக்கும். கோடை விடுமுறையும் உண்டு. சொந்தக் குழந்தைகள் உள்ளவர்கள் பள்ளி வேலையைத் தேடிப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பணம்

தொழிலாளர் துறையின் 2023 கணக்கில் அசிஸ்டென்ட்டின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 67,000 டாலர். அதாவது பாதிப்பேர் இதற்கு மேல், பாதிப்பேர் கீழ். எய்டுக்கு அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். தெரபிஸ்ட்டுக்குச் சுமார் 96,000. இரண்டு வருடப் பட்டத்துக்கு 67,000 என்பது நல்ல வருமானம், சந்தேகமில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: நாடு முழுக்க அசிஸ்டென்ட் பணியிடங்கள் 40,000க்கு மேல். எய்டு பணியிடங்கள் சில ஆயிரம்தான். அசிஸ்டென்ட் வேலைகள் மற்றத் தொழில்களின் சராசரியைவிட மிக வேகமாகப் பெருகும் என்று அரசுக் கணிப்புகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது அதற்கு முக்கியக் காரணம்.

எய்டு பணியிடம் ஏன் இவ்வளவு குறைவு? மெடிகேர்தான் காரணம் என்பது என் கணிப்பு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இந்த அரசுக் காப்பீடு, எய்டு செய்யும் வேலையைச் சிகிச்சையாகக் கருதிப் பணம் தருவதில்லை. முன்பு கேட்ட கேள்வியைத்தான் காப்பீடும் கேட்கிறது. முடிவெடுக்கும் பயிற்சி இல்லாதவர் செய்தது, தேர்ச்சி பெற்றவர் தரும் சிகிச்சை ஆகாது. நிர்வாகத்தின் கண்ணில் எய்டு முழுக்க முழுக்கச் செலவுக் கணக்கு. அசிஸ்டென்ட்டின் வேலைக்குப் பணம் உண்டு, ஆனால் அதிலும் ஒரு வெட்டு விழுந்துவிட்டது. வெளிநோயாளி சிகிச்சைகளுக்கு, முழுவதையுமோ கணிசமான பகுதியையோ அசிஸ்டென்ட் செய்திருந்தால் வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் என்று 2022 முதல் மெடிகேர் கொடுக்கிறது. அசிஸ்டென்ட்டின் சம்பளத்திலிருந்து நேரடியாக 15 சதவீதம் போகவில்லை. ஆனால் ஒரு சிறிய கிளினிக் அடுத்த ஆளாகத் தெரபிஸ்ட்டை எடுப்பதா, அசிஸ்டென்ட்டை எடுப்பதா என்று யோசிக்கும்போது இந்தக் கணக்கு மேசைமேல் இருக்கும். மறுபக்கம், தனியார் கிளினிக்குகளில் தெரபிஸ்ட் அதே இடத்தில் இருந்தே தீர வேண்டும் என்ற மெடிகேரின் நிபந்தனை 2025 தொடக்கத்தில் தளர்ந்தது. தொலைபேசியில் கிடைத்தால் போதும், மாநில விதி அதைவிடக் கடுமையாக இல்லாதவரை. அசிஸ்டென்ட்டுகளுக்கு இது சாதகமான மாற்றம்.

முதியோர் காப்பகங்களில் வேறொரு நெருக்கடி உண்டு. வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் நேரடியாக நோயாளியோடு செலவானது என்று நிமிடக் கணக்கில் பார்ப்பார்கள். 90 சதவீதம் எதிர்பார்க்கும் இடத்தில், எட்டு மணி நேரம் என்கிற 480 நிமிடத்தில் 432 நிமிடம் நோயாளியோடு இருந்தாக வேண்டும். மிச்சம் 48 நிமிடம். அதற்குள் குறிப்பு எழுத வேண்டும், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடக்க வேண்டும், குளியலில் இருக்கும் பாட்டி வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும், செவிலியரிடம் பேச வேண்டும். சிகிச்சை நிமிடங்களைப் பார்த்துக் காப்பகத்துக்குப் பணம் தரும் முறையை மெடிகேர் 2019 அக்டோபரில் கைவிட்டு, நோயாளியின் நிலையைப் பார்த்துப் பணம் தரும் முறைக்கு மாறியது. அந்த மாற்றத்தின்போது பல இடங்களில் தெரபி ஊழியர்கள் குறைக்கப்பட்டார்கள். நிமிடக் கணக்கு மட்டும் போகவில்லை! அதனால், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி, இங்கே எதிர்பார்க்கும் சதவீதம் என்ன என்பதுதான். பதிலைச் சுற்றி வளைத்துச் சொன்னால் யோசிக்க வேண்டும்.

உடம்பையும் மறந்துவிடக் கூடாது. எழ முடியாதவரை எழுப்பி நாற்காலிக்கு மாற்றுவது அன்றாட வேலை. நோயாளியின் இடுப்பில் பட்டை கட்டி, அதைப் பிடித்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கப் பழக்குவார்கள். முறை தவறினால் முதலில் போவது தூக்குபவரின் முதுகு. எய்டுக்கும் இது பொருந்தும்.

எய்டாகவா, நேராக அசிஸ்டென்ட் படிப்பா?

எய்டு வேலையை ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்து பார்க்கும் இடமாக எடுத்துக்கொண்டால் நல்லது. அதுவே கடைசிவரை என்று நினைத்துச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணியிடங்கள் குறைவு, சம்பளம் மெதுவாக ஏறும், மேலே போக உள்ளிருந்து வழி இல்லை. அதே சமயம், நோய்வாய்ப்பட்ட உடம்புகளின் அருகில் இருப்பது, மலம் சிறுநீர் வாடை, அழும் குடும்பங்கள் இவற்றைத் தாங்க முடியுமா என்று கல்லூரிக்குப் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை. எய்டு வேலை கிடைக்காவிட்டால், ஒரு கிளினிக்கில் அனுமதி கேட்டுச் சில நாள் பார்வையாளராக நிற்கலாம். சில கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே அதை எதிர்பார்க்கின்றன.

அசிஸ்டென்ட் ஆனபிறகு தெரபிஸ்ட் ஆக நினைப்பவர்களுக்கென்று இணைப்புப் படிப்புகள் உண்டு. வேலையை விடாமல் வாரக்கடைசியில் படிக்கும்படி அமைந்தவையும் இருக்கின்றன. ஆனால் தெரபிஸ்ட்டுக்குக் குறைந்தது முதுகலைப் பட்டம் வேண்டும். ஆக, அது இன்னொரு பெரிய செலவு. ஏற்கனவே வேறு துறையில் இளங்கலை முடித்தவர், 96,000 டாலர்தான் குறி என்றால், அசிஸ்டென்ட் வழியாகச் சுற்றிப் போகாமல் நேராக முதுகலைக்கு விண்ணப்பிப்பதையும் யோசிக்கலாம்.

கல்லூரியில் சேரும் முன் இரண்டு விஷயங்களை இணையத்திலேயே சரிபார்த்துவிடலாம். அந்தப் படிப்புக்கு ஏகோட் அங்கீகாரம் இருக்கிறதா, அல்லது இன்னும் விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் கிடைக்காமல் போனால் தேசியத் தேர்வையே எழுத முடியாது. அடுத்து, அந்தக் கல்லூரி மாணவர்களில் எத்தனை சதவீதம் தேர்வில் தேறுகிறார்கள் என்பதைப் பாருங்கள், அந்த விவரமும் பொதுவெளியில் கிடைக்கிறது. பழைய குற்ற வழக்கு ஏதாவது பெயரில் இருந்தால், படிப்பைத் தொடங்கும் முன்பே என்பிசிஓடியிடம் தன் விஷயத்தை எழுதி, தேர்வுக்கு அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மாநில உரிம வாரியத்திடம் தனியாகக் கேட்க வேண்டும், ஒன்றின் பதில் மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது.